மூன்று மருந்தும் ஒரே கிண்ணமும்

என் கணவர் செபராங் பிறையில் பால்மரம் சீவியவர். தோட்டத்தை விட்டு ஜார்ஜ் டவுனுக்கு வந்த பிறகும் இருமல் அவரை விடவில்லை. மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும் நோய் என்றார் டாக்டர். வீட்டில் நெபுலைசரில் வைக்க மூன்று மருந்து கொடுத்தார்கள்: குழாயைத் திறக்க சால்பியூட்டமால், வீக்கம் தணிக்க புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு, கிருமியை அடக்க டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்.

தனித்தனியாக வைத்தால் நேரமாகிறது. எனக்கோ காலை ஆறு மணிக்கு பஸ். 'எல்லாம் ஒரே நெஞ்சுக்குத்தானே போகிறது' என்று மூன்றையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிவிட்டேன். இரண்டு வாரமாகியும் சளி குறையவில்லை. நாக்கில் வேறு வெள்ளை படிந்தது.

பயந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். மருந்து கொடுக்கும் பெண் கோபிக்கவில்லை.

"அம்மா, சேரும் என்று சோதித்துப் பார்த்த மருந்தைத்தான் கலக்கலாம். ஆன்டிபயாட்டிக்கைத் தனியாக, கடைசியில் வையுங்கள். முதலில் குழாய் திறந்து சளி வெளியே வரட்டும். அடைத்த வாய்க்காலில் தண்ணீர் பாயுமா?" என்றாள். ஸ்டீராய்டு வைத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் இப்படி வெள்ளை படியும் என்றும் சொன்னாள்.

இப்போது நாலரைக்கே எழுந்துவிடுகிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் கிண்ணத்தைக் கழுவுகிறேன். "உன் தூக்கம் போச்சே" என்கிறார் அவர். அவர் மூச்சு சீராக வருகிறதே, அது போதும்.

சகோதரிகளே, அவசரத்துக்காக மருந்தைக் கலக்காதீர்கள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.