தறியும் இரு மொழிகளும்

சேலத்துப் பட்டு நெசவாளர்களில் ஒரு பகுதியினரான சௌராட்டிரர், வீட்டில் இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த சௌராட்டிர மொழியையும், அஸ்தம்பட்டிக் கடைகளில் கொங்குச் சாயல் கலந்த தமிழையும் பேசிப் பழகியவர்கள்.

ம, ந, ர, ல ஆகிய ஒலிகளை ஹகர மூச்சு சேர்த்து ஒலிப்பது சௌராட்டிர மொழியின் தனித்தன்மை. அந்த மூச்சு தமிழிலும் எட்டிப்பார்த்துவிட்டால், "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்ற கேள்வி, தலைமுறைகளாக இங்கேயே தறி ஓட்டியவரிடமும் எழுகிறது.

மதுரைச் சௌராட்டிரக் குடும்பத்தில் 1922இல் பிறந்த திரைப்படப் பின்னணிப் பாடகர் டி. எம். சௌந்தரராஜனின் உச்சரிப்பே திருத்தமான தமிழுக்கு அளவுகோலாகக் கொண்டாடப்பட்டதை, அப்படிக் கேள்வி கேட்பவர் வசதியாக மறந்துவிடுவார்.

கணினிக்கான பொது எழுத்துக் குறியீடாகிய யூனிகோடில் 2008இலேயே சௌராட்டிர எழுத்து இடம்பெற்றிருந்தும், வாட்ஸ்அப்பில் இளையோர் பலர் தமிழ் எழுத்தையோ ஆங்கில எழுத்தையோதான் நாடுகின்றனர். அந்த மூச்சைக் காட்டத் தனிக்குறி இல்லாத தமிழ் எழுத்தில் பாட்டியின் பேச்சு எவ்வளவு தங்கும்?