பூனை முகமும் மீன் சாறும்

மென்பொருள் நிறுவனங்களும் வாகனத் தொழிற்சாலைகளும் தமிழ்நாட்டிலிருந்து பொறியாளர்களைச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஜப்பானுக்கு அனுப்புவது இன்று வாடிக்கையாகிவிட்டது. போகிறவர்களுக்குக் கிடைக்கும் முன்னெச்சரிக்கைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: பச்சை மீன் வைப்பார்கள், எங்கு பார்த்தாலும் ரோபோ நிற்கும். இரண்டும் பாதி உண்மை. பச்சை மீன் தட்டில் தன்னை மறைத்துக்கொள்வதில்லை, வேண்டாதவர் ஒதுக்கிவிடலாம். சிக்கல் தருவது, பார்வைக்குக் கீரையும் முட்டையும் சோறுமாக இருக்கும் சாப்பாடுதான். ரோபோக்களின் கதை இதற்கு நேர்மாறு. பார்க்க விசித்திரமானவை இரண்டு மூன்று நாளில் பழகிவிடுகின்றன.

ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளம் தாஷி என்னும் தெளிந்த சாறு. கொம்பு என்ற கடற்பாசியை நீரில் ஊறவைத்து மெல்லச் சூடேற்றி எடுத்துவிட்டு, கத்சுவோபுஷிச் சீவல்களைப் போட்டு வடிகட்டினால் தாஷி தயார். கத்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, முள் நீக்கி, பல முறை புகையூட்டி உலர்த்திய கட்டை. உயர்ந்த ரகங்களில் பூஞ்சணமும் படியவிட்டு மாதக்கணக்கில் காயவைப்பார்கள். மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு இதில் புதிது அதிகமில்லை. மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்யப்படும் மாசியும் அதே சூரையை வேகவைத்துப் புகையில் காயவைத்ததுதான். ஆனால் இலங்கைச் சம்பலில் இடித்துப் போட்ட மாசி கண்ணுக்குத் தெரியும், பல்லில் படும். தாஷியில் மீன் மறைந்து சுவை மட்டும் நிற்கும்.

அந்தச் சுவையின் வேதியியலை அவிழ்த்தவர்களும் ஜப்பானியர்களே. 1908-இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிகுனாயே இகேடா, கொம்புச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டு, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். மறு ஆண்டே குளூட்டமேட் உப்பு வடிவில் விற்பனைக்கு வந்தது; ஃப்ரைடு ரைஸ் கடைகளின் வழியாகத் தமிழ்நாடு அறிந்த அஜினமோட்டோ அதுதான். 1913-இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா, கத்சுவோபுஷியில் இனோசினேட் இருப்பதைக் கண்டார். இவ்விரண்டும் சேரும்போது சுவை பன்மடங்காகிறது என்பது பின்னால் நிறுவப்பட்டது. சைவ விருந்தாளி ஒருவர் மீனை மட்டும் விட்டுவிடச் சொல்லும்போது சமையல்காரர் ஏன் தடுமாறுகிறார் என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. அவரிடம் கேட்கப்படுவது சமையலின் பாதியை விட்டுவிடும்படி.

தாஷி சேராத இடத்தைத் தேடுவதுதான் கடினம். மிசோ சூப், ஊடோன், சோபா நூடுல்ஸ், சுருட்டிய ஆம்லெட், வேகவைத்த கீரை, காய்கறித் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு என்று எல்லாவற்றிலும் அது புகுந்திருக்கும். அலுவலகத்தார் மாலையில் கூட்டிச் செல்லும் இசகாயா மதுக்கடைகளில், எதையும் கேட்கும் முன்பே ஒரு சின்னக் கிண்ணம் வந்து அமரும். ஓதோஷி எனப்படும் அதற்குப் பணமும் உண்டு, அதில் பெரும்பாலும் தாஷியும் உண்டு. கறி என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஊர் நினைவில் நுழைகிறவர்கள் இன்னும் ஏமாறுவார்கள். அது மெய்ஜி காலத்தில் பிரிட்டிஷார் வழியாக ஜப்பானுக்குப் போன பண்டம். அதற்கான கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது வழக்கம். பொட்டலங்களில் ஒவ்வாமைக்காகக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் இறாலும் நண்டும் இடம்பெறுகின்றன, மீன் இடம்பெறுவதில்லை. பழ ஊறுகாயான உமெபோஷியை உள்ளே வைத்த சோற்று உருண்டை பாதுகாப்பானது என்பார்கள். அந்த ஊறுகாயிலும் கத்சுவோபுஷி சேர்த்த வகை உண்டு.

முழுச் சைவத்துக்கு ஜப்பானிலேயே ஒரு மரபு இருக்கிறது. ஷோஜின் ரியோரி எனப்படும் பௌத்த மடத்துச் சமையலில் தாஷி கொம்பிலிருந்தும் உலர்ந்த ஷீதாகே காளானிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. கோயா மலை மடங்களில் தங்குவோருக்கு அது கிடைக்கும். ஆனால் தொழிற்சாலை உணவகத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு வரிசையில் நிற்பவருக்கு அதனால் பயனில்லை. அவருக்கு உதவுவது நத்தோவாக இருக்கலாம். சோயா அவரையை நுண்ணுயிரியால் புளிக்கவைத்த இப்பண்டம், நூல் நூலாக இழையும், வாடையும் கடுமையானது. வெண்டைக்காயின் கொழகொழப்பை ரசிப்பவர்களுக்கு அதன் இழை அவ்வளவு தொல்லையில்லை, வாடைதான் நாளாகும். அதோடு வரும் சிறு பொட்டலச் சாறும் பெரும்பாலும் மீன் கலந்ததே. அதை விட்டுவிட்டு வெறும் சோயா சாஸ் ஊற்றிக்கொள்ளலாம்.

கடைசியில் பலரும் வந்து சேரும் இடம் தங்கும் அறையின் அரிசிக் குக்கர். மாத வாடகைக்கு விடும் சிறு குடியிருப்புகளில் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு குக்கரும் இருந்தால் அதிகம். ஜப்பானிய வீடுகளுக்குள் வெற்றிகரமாக நுழைந்த முதல் ரோபோ எது என்று கேட்டால், இந்தக் குக்கரையே சொல்ல வேண்டும். 1955-இல் தோஷிபா வெளியிட்ட தானியங்கி மின்குக்கரை உருவாக்கியவர் யோஷிததா மினாமி என்ற சிறு பட்டறை உரிமையாளர். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதை நாள் பல செலவிட்டுச் சோதித்துக் குறித்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. இரட்டைப் பாத்திர அமைப்பில், வெளிப்பாத்திரத்து நீர் முழுதும் ஆவியானதும் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். அப்போது ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். கணினி எதுவும் இன்றி, அடுப்பருகில் ஆள் நிற்க வேண்டிய தேவையை அது போக்கியது. ஜப்பானியக் குட்டை அரிசி ஒட்டும் தன்மையது. ரசத்தில் பிசைந்தால் களியாகும், தயிரில் பிசைந்தாலோ அருமையாக அமையும். ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடிக்கு இடைநிலை மதிப்பெண் தரலாம்.

குக்கரைத் தொடர்ந்து மற்றவையும் வீட்டுக்குள் குடியேறின. 1980-இல் தோதோ நிறுவனம் வெளியிட்ட வாஷ்லெட் போன்ற கழுவும் கழிப்பறை இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. தண்ணீரால் கழுவிக்கொள்ளும் பழக்கமுள்ள இந்தியர்களுக்கு ஜப்பானில் உடனே பிடித்துப்போகும் இயந்திரம் இதுவே. குளியல் தொட்டி நிரம்பியதும் நீர்சூடேற்றி ஓர் இசைத்துணுக்கை ஒலித்து, வெந்நீர் தயார் என்று பெண் குரலில் அறிவிக்கிறது. ஒரு நிறுவனம் அதற்கு எடுத்தாண்ட மெட்டு தியோடோர் ஓஸ்டன் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியருடையது. ஷார்ப் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த கோகோரோபோ என்ற துப்புரவு ரோபோ, ஒசாகா வட்டார வழக்கிலும் பேசியது.

வெளியே அதிகம் எதிர்ப்படுவது பூனை முகம் கொண்ட பரிமாறும் ரோபோ. ஸ்கைலார்க் குழுமத்தின் குடும்ப உணவகங்களில் 2022 இறுதிக்குள் சுமார் 3,000 ரோபோக்கள் இறங்கிவிட்டன. இந்த ரோபோவைச் செய்வது ஜப்பான் அல்ல, ஷென்சென் நகரத்துப் பூடூ நிறுவனம். நான்கு தட்டுகளைச் சுமந்து மேசையருகே வந்து நிற்கும். எந்தத் தட்டை எடுக்க வேண்டும் என்று விளக்கால் காட்டும். எடுத்ததும் திரும்பிப் போகும். கேள்வி கேட்டால் பதில் சொல்லாது, யாரும் கேட்பதுமில்லை. மக்கள்தொகையில் 65 வயதைத் தாண்டியோர் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் நாட்டில், தட்டு சுமக்க ஆள் கிடைப்பது அரிது என்பதே இதன் பின்னணி.

ஆளைப் போலவே நடந்துகொள்ள முயன்றவை இந்த அளவுக்குத் தேறவில்லை. நாகசாகி மாநிலத்தில் 2015-இல் திறக்கப்பட்ட ஹென்-நா ஹோட்டலில் வரவேற்பு மேசையில் டைனோசரும் பெண்ணுருவ ரோபோவும் நின்றன. அறைக்குள் இருந்த உதவியாள் ரோபோ, தூங்குபவரின் குறட்டையைக் கேள்வி என்று எண்ணி எழுப்பிவிட்டது. 2019-இல் அங்கிருந்த ரோபோக்களில் பாதிக்கு மேல் நீக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. சாஃப்ட்பேங்க் 2014-இல் அறிமுகப்படுத்திய பெப்பர் என்ற மனித உருவ ரோபோவின் உற்பத்தியும் சில ஆண்டுகளில் நின்றுபோனது. எந்த வேலையும் செய்யாத ரோபோக்களின் கதி வேறு. சோனியின் ஐபோ நாய் 1999-இல் வந்து 2006-இல் உற்பத்தி நின்றது. 2014-இல் பழுதுபார்ப்பும் நின்றபின், சிபா மாநிலத்துக் கோஃபுகுஜி கோயிலில் பழுதான நாய்களுக்கு ஈமச்சடங்கு நடத்தத் தொடங்கினார்கள். உதிரிபாகங்களுக்காகப் பிரிக்கப்படும் முன் அவற்றுக்கு மந்திரம் ஓதப்பட்டது. பெப்பர் திட்டத்தில் பணியாற்றிய கனாமே ஹயாஷி பின்னர் உருவாக்கிய லோவோட், தூக்கிக் கொஞ்சுவதற்கென்றே உடம்பில் சூடு வைத்துச் செய்யப்பட்டது.

ஊர் திரும்பும்போது பலரும் குக்கர் வாங்கக் கடை ஏறுகிறார்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இந்தியாவில் 230. உள்ளூர்க் குக்கரை அப்படியே செருகினால் எரிந்துபோகும். அகிஹாபாராவின் வரிவிலக்குக் கடைகளில் வெளிநாட்டு மின்னழுத்தத்துக்கான மாடல்கள் தனியே கிடைக்கும். பாத்திரத்தில் பொறித்த அளவுக்கோடுகள் குட்டை அரிசிக்கானவை. பொன்னிக்கு அவற்றைவிடத் தாராளமாகத் தண்ணீர் வைக்க வேண்டும்.