சுத்தியல் யார் தலையில்?



“மலருக்கு ரெண்டு பக்கம் ஜோக் எழுதிக் குடுடா” என்றுதான் பேரவைச் செயலாளர் கேட்டார். ஜோக்கை விட, ஜோக்கைப் பற்றி நான் பாடம் நடத்திய கதை பெரிய ஜோக் என்பதால் அதையே எழுதுகிறேன். கணக்கில் இரண்டு அரியர் வைத்திருப்பவன் வாத்தியார் ஆவதென்றால் சும்மாவா!

நான் சாணார்பட்டிக்காரன். நத்தம் ரோட்டில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு திண்டுக்கல் வருகிற கூட்டத்தில் ஒருவன். படிப்பில் எப்படியோ, மீம்ஸ் போடுவதில் நான்கு டிபார்ட்மெண்டிலும் எனக்குப் பெயர் உண்டு. அதைக் கேள்விப்பட்டோ என்னவோ, தமிழ் மன்றப் பொறுப்பாளர் மேடம் ஒருநாள் கூப்பிட்டார்கள். “ஏப்பா, ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு மூணு வாரம் நீ எடு. தலைப்பு, ‘கணினி யுகத்தில் நகைச்சுவை’.”

சிரிக்க வைப்பது சுலபம், சிரிப்பை நடத்துவது கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. லைப்ரரியில் உட்கார்ந்து தேடினேன்.

முதல் வாரம்: தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறார். அதில் முதலாவதே நகைதான்! அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறார். கரும்பலகையில் நான்கையும் எழுதிப்போட்டு, “உங்க போன்ல இருக்கற மீம்ஸ எல்லாம் இந்த நாலு டப்பாவுல பிரிச்சுப் போடுங்க” என்றேன். பத்து நிமிடத்தில் முதல் டப்பா நிரம்பி வழிந்தது. எள்ளல்! கேலி! மற்ற மூன்றிலும் ஒன்றிரண்டுதான்.

அடுத்து அமெரிக்காவுக்குப் போனோம். 1982-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிப் பலகையில், இயற்பியல் சோதனையால் ஒரு லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று யாரோ வேடிக்கையாக எழுதப்போக, சிலர் அதை நிஜம் என்று நம்பிவிட்டார்கள். எது விளையாட்டு, எது வினை என்று எழுத்தில் எப்படிக் காட்டுவது? அந்த ஆண்டு செப்டம்பர் 19-ம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர் ஒரு வழி சொன்னார். ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறு கோடு, ஒரு அடைப்புக்குறி. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரித்த முகம்! நேரில் பேசினால் முகம் தெரியும். கணினியில் முகம் இல்லை, ஆகவே முகத்தை வரைந்து சேர்க்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது இது எனக்கே திருப்பி அடிக்கும் என்று தெரியாது.

இரண்டாம் வாரம்: நம்ம நேசமணி! 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு தலையில் சுத்தியல் விழும் காட்சியை மறந்தவர் உண்டா? 2019 மே மாதம், சிவில் படிப்பவர்களுக்கான ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம்ம ஆள் ஒருவர், இதன் பெயர் சுத்தியல், ஜமீன் அரண்மனையில் பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான் என்று பதில் போட்டார். அவர் இப்போது நலமா என்று கேள்வி வர, நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற முழக்கம் அப்போது ட்விட்டர் என்று பெயர் கொண்டிருந்த தளத்தில் உலக அளவில் முன்னணிக்கு வந்துவிட்டது. பதினெட்டு வருஷத்துக்கு முன் படத்தில் பட்ட அடிக்கு உலகமே நலம் விசாரித்தது!

வகுப்பு அதிர்ந்தது. அப்போது முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி எழுந்து, “அண்ணா, நேசமணிக்கு நிஜமா அடிபடல. அதனால எல்லாரும் சிரிச்சோம். நிஜமாவே ஒருத்தர் தலையில விழுந்திருந்தா?” என்றாள்.

“நல்ல கேள்வி, அடுத்த வாரம் பாப்போம்” என்று தப்பித்து வந்துவிட்டேன். பதில் தெரியாமல் அல்ல. தெரிந்துதான்.

இரண்டாம் ஆண்டில் என் பக்கத்து போர்டில் வரைகிற நண்பன் ஒருவன், டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டர் மேலேயே கன்னம் பதித்துத் தூங்கிவிட்டான். வாய் திறந்தபடி. போட்டோ எடுத்து, ‘பிளான், எலிவேஷன், குறட்டை’ என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கி வகுப்புக் குழுவில் விட்டேன். சாயங்காலத்துக்குள் எல்லா டிபார்ட்மெண்டுக்கும் போய்விட்டது. அவனும் சேர்ந்து சிரித்தான். அன்றிலிருந்து அவன் பெயரே குறட்டை.

ஒரு மாதம் கழித்து, காலை ஏழு மணிக்கு எங்கள் ஊர் ஸ்டாப்பில் நிற்கிறேன். நூல் மில் வண்டி ஒன்று வந்து நின்றது. நைட் ஷிப்ட் முடித்து இறங்குகிறவர்களில் அவன். தலைமுடி முழுக்கப் பஞ்சு. வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல், “குறட்டை, நைட்டு பாப்பம்டா!”

என் ஸ்டிக்கர் எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

“அப்பாவுக்கு ஆபரேஷன்டா. மூணு மாசம் நான் போனாத்தான் வீடு நடக்கும். மெஷின்கிட்ட தூங்குற ஆளுன்னு நிறுத்திருவாங்களோன்னு பயமா இருக்கு” என்றான். “அப்ப ஏன்டா அன்னிக்குச் சிரிச்ச?” என்று கேட்டேன்.

“சிரிக்கலைன்னா இன்னும் பத்துப் பேரு அனுப்புவாங்கடா.”

குழுவில் போட்டதை அன்றே அழித்தேன். என்ன பிரயோஜனம்? அடுத்தவர்கள் சேமித்து வைத்ததை நான் அழிக்க முடியுமா? அரம் போட்டு எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது என்று ஃபிட்டிங் ஷாப்பில் முதல் நாளே சொல்லித் தருகிறார்கள். எனக்கு அன்றுதான் புரிந்தது.

எங்கள் ஊர் டீக்கடையிலும் கேலி உண்டு. என் தாத்தாவை ஓட்டாத ஆள் கிடையாது. ஆனால் அவர் முகம் கொஞ்சம் சுருங்கினால் போதும், மாஸ்டர் ஒரு டீயை நீட்டிப் பேச்சை மாற்றிவிடுவார். அங்கே கேலிக்குப் பிரேக் முகம்தான். போனில் அந்த முகம் நமக்குத் தெரிவதில்லை. வடிவேலு சுத்தியலைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு நம்மைச் சிரிக்க வைத்தார். நானோ அடுத்தவன் தலையில் போட்டுவிட்டுக் கலைஞன் என்று பெயர் வாங்கினேன்.

மூன்றாம் வாரம் இதை அப்படியே சொன்னேன், பெயரை மட்டும் விட்டுவிட்டு. வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசி பெஞ்சில், யார் சொல்லி வந்தானோ, அவனே உட்கார்ந்திருந்தான். எழுந்தான். எனக்கு நாக்கு வறண்டது.

“தம்பிகளா, அந்தக் குறட்டை நான்தான். ஆனா தூங்கிக்கிட்டே நான் வரைஞ்ச படத்துக்கு, முழிச்சுக்கிட்டு வரைஞ்ச இவரை விட ரெண்டு மார்க்கு கூட!”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், இந்த முறை என் தலையில் விழுந்ததற்காக. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன்.

தொல்காப்பியர் பட்டியலில் நகைக்கு அடுத்த இடம் அழுகைக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான், அனுப்புகிற பொத்தானைத் தொடும் விரல். நண்பர்களே, நிறையச் சிரிப்போம், சிரிக்க வைப்போம். ஆனால் அந்த விரலை வைக்குமுன், சுத்தியல் யார் தலையில் விழுகிறது என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்வோம்.

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை