நடப்பு நிகழ்வுகள் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சார்,

இந்த மடலை உங்கள் வீட்டுக்கே தபாலில் அனுப்பியிருக்கலாம். ஊரறிய எழுத ஒரு காரணம் இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வு முடிவு வரும் நாளில் தேர்ச்சி பெற்றவர்களின் படம் பேப்பரில் வருகிறது. பயிற்சி மையங்களின் விளம்பரமும் வருகிறது. பணி ஓய்வுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்குக் கொடுத்து, ஒரு ரூபாய்கூட வாங்காமல் பாடம் நடத்திய உங்களைப் போன்றவர்களைப் பற்றி அங்கே ஒரு வரியும் இருப்பதில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் உங்களிடம் படித்த பலரில் ஒருத்தியாக அந்த வரியை நான் எழுதுகிறேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் நாங்கள் சேர்ந்தபோது எல்லோர் கையிலும் ஒரே மாதிரி ஜெராக்ஸ் கட்டு இருந்தது. டெல்லி பயிற்சி மையங்களின் மாதாந்திரத் தொகுப்பு. உச்சி மாநாடுகள், தரவரிசைக் குறியீடுகள், விருதுகள், போர்ப் பயிற்சிகளின் பெயர்கள், புதிய திட்டங்கள் என எதுவும் விடுபடவில்லை. அடுத்த மாதக் கட்டு வந்ததும் முந்தைய மாதம் மறந்துபோகும். நீங்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல நம்ம மாவட்டம் எங்க இருக்கு?" என்று கேட்டீர்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை. அதன்பிறகு வந்த வகுப்புகள் எல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

சுண்ணாம்புக்கல் பாடத்தை மட்டும் எத்தனை வாரம் நடத்தினீர்கள்! அரியலூர்ச் சாலையில் சிமென்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. நீங்கள் கிரெட்டேசியஸ் காலத்தில் தொடங்கினீர்கள். இந்த நிலத்தின் மேல் அன்று கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகளும் மற்ற உயிர்களும் படிந்து இறுகியதுதான் இன்று நாம் வெட்டியெடுக்கும் கல். அந்தக் காலத்துக்குச் சாட்சியாகச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தைக் காட்டினீர்கள். சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையான அந்த மரத்தை 1940-இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னார். இன்று அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். புவியியல் பாடம் அதோடு முடிந்தது என்று நாங்கள் நோட்டை மூடப்போனோம். நீங்கள் பலகையில் அடுத்து எழுதியது அரசமைப்பின் ஏழாவது அட்டவணை.

கல்லுக்கு வரி போடும் அதிகாரம் யாருக்கு? கனிமங்களை ஒழுங்குபடுத்துவது ஒன்றியப் பட்டியலின் 54-ஆம் இனம். கனிம உரிமைகள் மீதான வரி மாநிலப் பட்டியலின் 50-ஆம் இனம். ஆனால் நாடாளுமன்றம் விதிக்கும் வரம்புக்கு உட்பட்டது. தமிழ்நாட்டுக்கும் இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், சுரங்கத்துக்கான உரிமத்தொகையும் (ராயல்டி) வரிதான், அதன்மேல் மாநிலம் மேல்வரி விதிக்க முடியாது என்று ஏழு நீதிபதிகள் 1989-இல் தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், உரிமத்தொகை வரி ஆகாது, கனிம உரிமைக்கு மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்று அதை மாற்றியது. அந்த வாரம் பேப்பரைக் கையில் பிடித்தபடி நீங்கள் உள்ளே வந்த வேகம் எனக்கு நினைவிருக்கிறது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி நாகரத்னாவின் வாதத்தையும் முழுதாகப் படிக்க வைத்தீர்கள். மாநிலங்கள் போட்டிபோட்டு வரி விதித்தால் என்ன ஆகும் என்ற அவருடைய கவலையை எழுதாத பதிலுக்கு நீங்கள் மதிப்பெண் போடவே இல்லை. பிறகு தமிழ்நாடு தன் சட்டத்தை இயற்றியது. 2025 ஏப்ரலில் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வரி வந்தது. எந்தத் தொகுப்பிலும் இது ஒற்றை வரிச் செய்தி. எங்களுக்கோ கடலில் தொடங்கி வீடு கட்டுகிறவர் வாங்கும் சிமென்ட் மூட்டையில் வந்து முடிந்த பெரிய கதை.

அங்கேயும் நீங்கள் நிறுத்தவில்லை. சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். 2015 சட்டத்திருத்தம் கொண்டுவந்த மாவட்டக் கனிம நிதியம் அப்படித்தான் எங்களுக்கு அறிமுகமானது. பழைய குத்தகைகளில் உரிமத்தொகையில் 30 விழுக்காட்டுக்கு ஈடான தொகை, ஏலத்தில் விட்டவற்றில் 10 விழுக்காடு அந்த நிதியத்துக்குச் சேர வேண்டும். குடிநீர், மருத்துவம், பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு அது முதலில் போக வேண்டும். இன்று ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இப்படிப்பட்ட கோப்பு கண்ணில் படும்போது அதன் பின்னால் எந்த ஊர், எந்தக் குழாய் என்று தேடும் பழக்கம் உங்களிடமிருந்து வந்தது.

நன்னெறித் தாளுக்கு நீங்கள் எடுத்துக்கொண்டது மருதையாறு. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூருக்கு அருகே வெள்ளத்தில் பாலம் சேதமாகி தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் ரயில் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றார். அமைச்சர் நேரடியாகத் தவறு செய்தார் என்பதற்காக அவர் ஏற்கவில்லை, அரசமைப்பு ஒழுக்கத்துக்கு ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்பதற்காக ஏற்றார். எல்லோரும் இதை எழுதிவிட்டு சாஸ்திரியைப் புகழ்ந்து முடிப்பார்கள். உங்கள் கேள்விகள் அதற்கு அப்புறம்தான் தொடங்கும். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று ரயில் நிலையத்துக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? பாலத்தைப் பார்வையிடும் முறை அன்று என்ன, இன்று என்ன? 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு என்ன? ஓர் அமைச்சர் விலகியதால் அடுத்த ரயில் பத்திரமாகப் போய்விடுமா? அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானதும் 2007-இல் அதே நவம்பர் 23. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் இந்த வகுப்பை நடத்தினீர்கள். பொறுப்பு என்பதைப் பற்றி இதைவிட ஆழமாக எனக்கு யாரும் கற்பித்ததில்லை.

கரைவெட்டி ஏரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி கடைசியில் அது ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது இந்தியாவில் அத்தகைய ஈரநிலங்கள் 80, தமிழ்நாட்டில் 16. நாங்கள் மனப்பாடம் செய்தோம். அந்த ஆகஸ்டில் 85, 18 ஆயின. அடுத்த பிப்ரவரியில் 89, 20. எண்ணை விட்டுவிட்டு ஏரியைப் பாருங்கள் என்று பஸ் ஏற்றி அனுப்பினீர்கள். பட்டைத்தலை வாத்துகள் வந்திறங்கும் அந்தத் தண்ணீர் விவசாயிகளின் பாசனத் தண்ணீரும்தான். பறவைக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, யார் முடிவு செய்வது என்பதை ஏரிக்கரையில் நின்று பேசினோம். ராம்சார் உடன்படிக்கை பேசும் 'அறிவார்ந்த பயன்பாடு' எனக்குப் புரிந்தது அங்கே.

எறையூரிலும் ஜெயங்கொண்டத்திலும் தோல் அல்லாத காலணித் தொழில், பெரம்பலூரின் மக்காச்சோளமும் சின்ன வெங்காய விலையும், 2025 ஜூலையில் பிரதமர் வந்துபோன கங்கைகொண்ட சோழபுரம் என ஒவ்வொன்றையும் ஒரு பாடத்திட்டத் தலைப்போடு முடிச்சுப் போட்டீர்கள். உள்ளூரிலேயே எங்களை நிறுத்திவிட்டதாகவும் யாரும் நினைத்துவிடக் கூடாது. முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்றாலும் கேள்வி தமிழில் இருக்காது. அதனால் ஒரு தமிழ் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ், கூடவே 'திட்டம்' மாத இதழ் என்று தினப்படி அளந்து கொடுத்தீர்கள். நான் முதல்வன் திட்டத்தில் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் ஊக்கத்தொகை தருகிறார்கள் என்று தெரிந்ததும், அதற்கான தேர்வுக்கு எங்களில் பலருக்கு நீங்களே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டீர்கள். வீட்டில் இனி படிக்க வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒரு பெண் அந்தப் பணத்தால்தான் தொடர்ந்து படித்தாள். அவள் பெயரை எழுத வேண்டாம் என்றாள். தன் நன்றியையும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

இப்போது நாங்கள் சிலர் சேர்ந்து வார இறுதியில் வகுப்பு எடுக்கிறோம். கிராம சபைக்குப் போகாதவர் பஞ்சாயத்து ராஜ் பற்றி எழுதக் கூடாது என்ற உங்கள் விதியை அப்படியே வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஆறு கிராம சபை; பிள்ளைகள் அவரவர் ஊரில் உட்கார்ந்து, வரவு செலவு வாசிக்கும்போது குறிப்பெடுத்து வர வேண்டும். வந்த பிறகு அந்தப் பணம் எந்தத் திட்டத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று எழுத வேண்டும். சில பதில்கள் மிக நன்றாக இருக்கின்றன. திருத்தித் தர எங்களைவிட நீங்கள் பொருத்தமானவர். உடம்பு ஒத்துழைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் சார். பஸ் நிறுத்தத்தில் வந்து அழைத்துக்கொள்கிறோம்.


தங்கள் மாணவி