எறும்புக் கூட்டில் வளரும் மலர் ஈ

அந்தரத்தில் அசையாது நின்று பறக்கும் மலர் ஈக்களின் குடும்பத்தில், சேகரிப்போர் கைக்கு அரிதாகவே வருவது மைக்ரோடான் பேரினம். தேனீயை ஒத்த தடித்த உடலும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்ட இந்த ஈ, தன் உறவினங்களைப் போலப் பூக்களை நாடுவது அபூர்வம் என்பதால், பூச்செடிகளின் மேல் வீசப்படும் வலைக்குத் தப்பிவிடுகிறது. எறும்புக் கூட்டுக்குள் எறும்பின் இளம்புழுக்களைத் தின்று வளரும் இதன் புழு, அரைக்கோள வடிவில் மெல்ல ஊர்வதால், 19ஆம் நூற்றாண்டில் ஓடில்லா நத்தையாகவே விவரிக்கப்பட்டது. அந்த உருவத்தைக் கண்டவர்கள் அவ்வாறு கருதியதில் வியப்பில்லை.

ஓர் உயிரினம் வாழும் நிலப்பரப்பையே பரவல் என்பர். டெல்லியின் வேளாண் ஆய்வு நிறுவனத்தில் உள்ளதைப் போன்ற பூச்சித் தொகுப்புகளில், ஊசியில் குத்திவைத்த மாதிரிகளே பரவலை வரைய ஆதாரம்; எனினும், வலைக்குத் தப்பும் மைக்ரோடானைப் பொறுத்தவரை, மாதிரி இல்லாத இடத்தை ஈ இல்லாத இடமாகக் கொள்வது பெரும்பிழை. டெல்லியின் ஆரவல்லிக் குன்றுக்காட்டிலும் தேடல் பூக்களில் அன்றி எறும்புக் கூடுகளிலேயே தொடங்க வேண்டும்.