கைமாறும் ஆட்டம்

கால்பந்தாட்டக்காரரின் களவாழ்வு பெரும்பாலும் முப்பத்தைந்து வயதையொட்டி முடிந்துவிடுகிறது. அதன்பின் பயிற்சியாளராக வருபவர், தம் கால்கள் அறிந்ததைப் பிறர் கால்களுக்குக் கற்பிக்கும் வேறொரு தொழிலை அடியிலிருந்து பயில வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் அயலில் இருந்துவிட்டுப் பிறந்த ஊருக்குத் திரும்புபவரின் நிலையும் இதற்கு நெருக்கமானதுதான். பழகிய களம் கண்முன்னே இருந்தாலும் அதில் இறங்கி ஆடும் இடம் அவருக்கு இல்லாமற்போய், பார்ப்பதும் ஒப்பிடுவதும் எடுத்துச் சொல்வதுமே எஞ்சுகின்றன. 1993இல் திருப்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்று, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பிய ஒருவர் கண்டவையும் எண்ணியவையும் இக்கட்டுரைக்கு அடிப்படை.

அவர் புறப்பட்டபோது கோவை மாவட்டத்தின் ஒரு நகராட்சியாக இருந்த திருப்பூர், 2008இல் மாநகராட்சியாகவும் 2009இல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் உயர்ந்திருந்தது. சாயப்பட்டறைகளின் கழிவால் நிறம் மாறி ஓடிய நொய்யல் ஆறே அவர் நினைவில் இருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்குப் பின், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாற வேண்டியதாயிற்று. ஆனால் பனியன் கம்பெனிகளின் வாசலில் தொங்கும் ‘ஆட்கள் தேவை’ பலகைகளில் பழைய சொற்களே நின்றன: டெய்லர், செக்கிங், கைமடி. கைமடி என்பது தைப்பவருக்கு அருகில் நின்று துண்டுகளை மடித்தும் அடுக்கியும் கொடுக்கும் துணைவேலை; அதில் நுழைந்த சிறுவன் ஓவர்லாக் எந்திரத்தில் அமர்ந்து, பின்னர் கட்டிங் மாஸ்டராகி, ஒருநாள் நாலு எந்திரம் போட்டு முதலாளியாவது இவ்வூரில் பலர் ஏறிய படிவரிசை. உழைப்பாளர்களாக இருந்தவர்கள் உடைமையாளர்களானதைச் சரத் சாரி 2004இல் வெளிவந்த தம் ஆய்வுநூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வேலை தெரிந்தவருக்கு அருகிலேயே அடுத்தவர் நிற்கும் இந்த ஏற்பாட்டில்தான் தொழில் கைமாறுகிறது.

கால்பந்திலும் அத்தகைய படிவரிசை இருக்க முடியும் என்பதைத் திரும்பி வந்தவர் சிங்கப்பூரில் கண்டிருந்தார். 1965இல் பிறந்த வி. சுந்தரமூர்த்தி, எதிராளியை ஏமாற்றிப் பந்தைக் கடத்தும் நுணுக்கத்தால் புகழ்பெற்று, 1989இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்துக்காகவும், மலேசிய, சிங்கப்பூர்க் கழகங்களுக்காகவும் தொழில்முறையில், அதாவது ஊதிய ஒப்பந்தத்தின்கீழ், ஆடியவர். ஆட்டம் முடிந்தபின் அவர் நேராக உச்சிக்குப் போய்விடவில்லை. கழகப் பயிற்சியாளராகவும் இளையோர் அணிகளின் பயிற்சியாளராகவும் பல ஆண்டுகள் உழைத்து, மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூரின் லயன்ஸ் லெவன் அணிக்கு 2013இல் பட்டம் பெற்றுத் தந்து, 2016இல் சிங்கப்பூரின் தேசிய அணிப் பொறுப்புக்கு வந்தார். அவர் விட்டுச்சென்ற தெம்பனீஸ் ரோவர்ஸ் கழகத்தின் பொறுப்பை ஏற்றவர் அக்பர் நவாஸ்.

அந்த அக்பர் நவாஸ்தான் 2018இல் கொங்கு மண்ணுக்கு வந்து, கோவை நேரு விளையாட்டரங்கைச் சொந்தக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி அணியை ஏற்றார். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டிலோ முதலியோரையும் எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ முதலிய தமிழக இளைஞர்களையும் ஒன்றுசேர்த்து அவர் உருவாக்கிய அணி, 2018–19 ஐ-லீக் என்ற தேசியத் தொடரில் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் பெற்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தியது. 2019 மார்ச் 9 அன்று கோவையில் நடந்த கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப் முதலில் கோல் அடித்தபோதும், மான்சியின் ஒரு கோலாலும் கௌரவ் போராவின் இரண்டு கோல்களாலும் 3–1 என வென்று, தேசிய லீக்கை வென்ற முதல் தமிழக அணி என்ற பெயரை அது பெற்றது. சுந்தரமூர்த்தி ஒருகாலத்தில் ஆடிய அதே பாசல் கழகம் அவ்வாண்டே இவ்வணியில் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. பிழைப்புக்காகத் தாம் போன வழியிலேயே கால்பந்தறிவு எதிர்த்திசையில் தம் ஊருக்கு ஐம்பது கிலோமீட்டர் அருகே வந்து சேர்ந்ததை, அயலில் இருந்தவர் பெருமையோடு பார்த்திருந்தார்.

ஆனால் அவர் ஊர் திரும்பியபோது அந்த அணி இல்லை. 2021–22 ஐ-லீக்கிலேயே அது இடம்பெறவில்லை. நல்ல பயிற்சியாளர் கிடைத்தும் அவர் கற்பித்தது ஊரில் வேரூன்ற ஆண்டுகள் போதவில்லை என்பதே இதன் பொருள். அப்படி வேரூன்றியதற்குக் கேரளம் சான்று. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய சைமன் சுந்தர்ராஜின் பயிற்சியில், 1973இல் கேரளம், கேப்டன் மணி அடித்த மூன்று கோல்களால் ரயில்வே அணியை 3–2 என வீழ்த்தி, மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வென்றது. அன்றைய கேரளத்தில் பிரீமியர் டயர்ஸ், ஃபாக்ட், டைட்டானியம் போன்ற தொழிற்சாலைகள் ஆட்டக்காரர்களுக்கு வேலையும் சம்பளமும் தந்து சொந்த அணிகளை நடத்தின. ஆதலால் பயிற்சியாளரின் பேச்சைக் கேட்க நாளையும் மறுநாளும் அதே ஆட்டக்காரர்கள் களத்தில் இருந்தார்கள். பல்லாயிரம் பேருக்கு வேலை தரும் பனியன் ஊரால் இயலாத ஏற்பாடல்ல இது.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு பள்ளி மைதானத்தில், வடகிழக்கிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்களும் உள்ளூர்ப் பையன்களும் கலந்து ஆடிக்கொண்டிருந்ததை ஊர் திரும்பியவர் நெடுநேரம் நின்று பார்த்தார். அவர்கள் அணிந்திருந்த சட்டைகளில் வெளிநாட்டுக் கழகங்களின் பெயர்கள் இருந்தன. ஓரத்தில் நின்ற நடுவயதுக்காரர் ஒருவர் ஆட்டத்தை நிறுத்தி, ஒரு பையனின் ஊன்றிய காலைப் பந்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, மறுபடி உதைக்கச் சொன்னார். எந்திரத்தின் அருகே நிற்கும் கைமடிக்குத் தொழில் கிடைப்பதுபோல அப்பையனுக்கும் ஆட்டம் கிடைக்க, அவர் அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அங்கே நிற்க வேண்டும். அவரை அங்கே நிற்கவைக்கும் கடமை அவ்வூருக்கும், அவ்வூரைவிட்டுப் போய்ப் பொருள் சேர்த்தவர்களுக்கும் உண்டு.