ஜேபி நட்டு

எங்க ஓமலூர்ப் பக்கம் கிரிக்கெட்னாலே டென்னிஸ் பந்துதாங்க. தாரமங்கலம் தாண்டி சின்னப்பம்பட்டில அப்படிப் பந்து போட்டுட்டு இருந்தவர்தான் நம்ம டி.நடராஜன். 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல ஒருநாள், டி20, அடுத்த மாசம் பிரிஸ்பேன்ல டெஸ்ட்னு ஒரே டூர்ல மூணுலயும் அறிமுகம் ஆன கதை எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது வேற. ஜெர்சில 'ஜேபி நட்டு'ன்னு போட்டுகிட்டவர் அவர். நட்டு சரி, ஜேபி யாரு?

ஜெயபிரகாஷ். அதே ஊர்க்கார அண்ணன். பெரிய கோச் எல்லாம் இல்ல. இந்தப் பையன்கிட்ட சரக்கு இருக்குன்னு பாத்து சென்னை லீக் வரைக்கும் கூட்டிட்டுப் போனவர்.

2015ல ரஞ்சி அறிமுகம். உடனே பந்து வீசற ஆக்‌ஷன்ல சந்தேகம்னு சொல்லிட்டாங்க. அதை சரி பண்ணிக் குடுத்தது சென்னை கோச்சுங்க. ஜேபி செஞ்சது, கூடவே நின்னது. 2017 ஐபிஎல் ஏலத்துல பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தப்ப ஊரே கூட இருந்துச்சு. 2015ல அப்படி இல்லையே!

பொட்டி தட்டற நம்ம பொழப்புலயும் இதான் மக்களே. ப்ராஜெக்ட் மூடி நான் அஞ்சு மாசம் பெஞ்சுல இருந்தேன். கூட இருந்தவங்க ரெஸ்யூமைத் தூசி தட்டச் சொன்னாங்க. சீனியர் அக்கா ஒருத்தங்க மட்டும் தினமும் ஒரு பழைய பக் அனுப்புவாங்க. "சரி பண்ணாத. எங்க உடையுதுன்னு மட்டும் கண்டுபிடிச்சு சொல்லு." அவ்ளோதான். இஞ்சினியரிங் காலேஜ்ல நாலு வருஷத்துல வராத ஒண்ணு அந்த அஞ்சு மாசத்துல வந்துச்சு. அடுத்தவன் எழுதின கோடிங்கைப் பயமில்லாம படிக்கிறது. கத்துக்குடுக்க ட்ரெயினிங் வீடியோ ஆயிரம் இருக்கு. நாளைக்கும் அனுப்புவேன்னு சொல்ல ஆள்தான் கம்மி.

இந்தக் கடனைத் திருப்பிக் குடுக்க முடியாது, கீழ இறக்கிதான் விடணும். நடராஜனும் ஜேபியும் சின்னப்பம்பட்டிலயே அகாடமி வச்சு பசங்களைத் தயார் பண்றாங்க. அதே ஊர் ஜி.பெரியசாமி 2019 டிஎன்பிஎல்ல தொடர் நாயகன். 2023ல ஊர்லயே கிரவுண்டு, திறந்து வச்சது தினேஷ் கார்த்திக்.

நம்ம டீம்ல இப்ப ஒரு தம்பி புதுசா சேர்ந்திருக்கான். தினமும் ஒரு பழைய பக் அனுப்பறேன். "இன்னும் எத்தனை நாளைக்குண்ணா?"ன்னு கேக்கறான் :-)

உங்களுக்கும் ஒரு ஜேபி இருப்பாரே? பேசி நாளாச்சுன்னா இன்னைக்கே ஒரு போன் போட்டுருங்க.